வீட்டுக்கு அலாரம் பூட்டலாமா?



"கணவர் கத்தாரில். வீட்டில் நானும் மூன்று பிள்ளைகளும் மாமியும்தான். வயர் இழுக்காத அலாரம் ஒன்று பூட்ட நினைக்கிறேன். இது தவக்குலுக்கு மாறானதா? எப்படிப் பார்த்து வாங்குவது?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

மாறானதல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று கேட்டவரிடம் நபி (ஸல்) அவர்கள் கட்டிவிட்டே வைக்கச் சொன்ன செய்தி திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது. இரவில் அல்லாஹ்வின் பெயர் சொல்லிக் கதவை அடைக்கச் சொன்னதும் அவர்கள்தான். ஆகவே முதலில் குசினிக் கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள். அலாரம் கள்வனைத் தடுத்து நிறுத்தாது. வந்துவிட்டான் என்று சொல்லும், அவ்வளவே. இற்றுப்போன கதவில் அதைப் பூட்டி என்ன பயன்?

கதவிலும் ஜன்னலிலும் ஒட்டுவது ஒருவகை. நிலையில் ஒரு சிறு பெட்டி, கதவில் ஒரு காந்தம். கதவு திறந்து காந்தம் விலகியதும் பிரதான பெட்டிக்கு ரேடியோ அலையில் செய்தி போய்விடும். மற்றது சுவரில் மாட்டுவது. உடம்பின் வெப்பம் அசைவதை அது உணர்கிறது. சுவரும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும் நமது வெக்கைப் பகல்களில் அது மந்தமாகிவிடும். பூனைக்கும், வெயில் விழும் ஜன்னலுக்கும் வீணாகக் கத்தவும் செய்யும்.

என் வீட்டில் மாட்டிய முதல் வாரமே, தஹஜ்ஜுதுக்கு வுழூச் செய்ய எழுந்த என்னையே கள்வனாக்கித் தெருவை எழுப்பியது. பிழை என்னுடையது. கதவு ஜன்னல்கள் மட்டும் விழித்திருக்க, உள்ளே நாம் நடமாடக்கூடிய 'வீட்டில் இருக்கும் நிலை' ஒன்று அதில் இருந்தது, நான் படிக்கவில்லை. ஸஹருக்கு எழும்பும் வீட்டுக்கு இந்த வசதி இல்லாதது சரிவராது.

கடையில் இன்னும் இரண்டு கேளுங்கள். மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும்? 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். கரண்ட் போனால் இன்டர்நெட் பெட்டியும் அணைந்துவிடும் என்பதால் சிம் போட்டுத் தொலைபேசிக்கு அழைப்பதே நல்லது. ரிமோட் அழுத்துந்தோறும் குறியீடு மாறுகிறதா? மலிவான சில, எப்போதும் ஒரே குறியீட்டையே அனுப்பும். அதைப் பிடித்துவைத்துத் திருப்பி அனுப்பினால் அலாரம் அடங்கிவிடும். கடையில் போட்டுத் தந்த இரகசிய இலக்கத்தையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

"கூடவே கமராவும் தருகிறோம்" என்பார்கள். வீட்டுக்குள் வேண்டாம் என்பதே என் கருத்து. ஸூரா அந்நூரின் 58ஆம் வசனம், சொந்தப் பிள்ளைகளே அனுமதி கேட்டு வரவேண்டிய மூன்று வேளைகளைச் சொல்கிறது. அந்த வேளையிலும் கண் மூடாத ஒன்றை, படம் எங்கெங்கோ போய்ச் சேரக்கூடிய ஒன்றை, பெண்கள் தலை திறந்து இருக்கும் இடத்தில் எப்படி மாட்டுவது? வாசலில் மாட்டினாலும் அடுத்த வீட்டு முற்றம் தெரியாமல் திருப்பி வையுங்கள்.

சைரன் கத்தினால் பார்க்கவென்று வெளியே போகாதீர்கள். பிள்ளைகளையும் மாமியையும் ஓர் அறையில் சேர்த்துப் பூட்டிக்கொண்டு 119ஐ அழையுங்கள். அடுத்த வீட்டு ராத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி, பகலில் ஒருதரம் கத்தவிட்டும் காட்டுங்கள்; இல்லையென்றால் அது எந்தச் சத்தம் என்றே அவருக்குத் தெரியாது.