கூரையில் ஒரு பஞ்சாங்கம்

1962 பிப்ரவரித் தொடக்கத்தில் மகர ராசியில் எட்டு கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியப்போகிறது என்று நம் நாட்டில் கிளம்பிய பீதியை அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஹோமம், கூட்டுப் பிரார்த்தனை, ஒத்திப்போட்ட பயணங்கள் என்று ஒரே அமர்க்களம். தேதி வந்தது, போனது. அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பினார்கள். அந்தப் பயத்திலிருந்து நமக்கு மிஞ்சியது கொஞ்சம் சாம்பலும் நிறைய நகைச்சுவையும்தான்.

அதற்கு ஏறக்குறைய 190 வருஷங்களுக்கு முன்பு, நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் அச்சு அசலாக இதே கூத்து நடந்தது. எல்கோ ஆல்டா என்ற பாதிரியார் பெயர் போடாமல் ஒரு சிறுநூல் எழுதினார். 1774 மே 8ஆம் தேதி சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன் எல்லாம் மேஷ ராசியில் நெருங்கி வருகின்றன, அந்த இழுப்பில் பூமி தன் பாதையை விட்டு நழுவிச் சூரியனுக்குள் போய் விழலாம் என்பது அவர் கணிப்பு. ஜனங்கள் அரண்டுபோனார்கள். அங்கேயும் தேதி வந்தது, போனது. ஆனால் அங்கே மிஞ்சியது ஒரு கூரை. ஃப்ரானெகர் என்ற சின்ன ஊரில், கால்வாய் ஓரத்து வீடு ஒன்றின் கூடத்தில், அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃப்ரானெகருக்குப் போக ஆம்ஸ்டர்டாமிலிருந்து முதலில் லேவார்டன் போக வேண்டும். அங்கே ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் போகும் சின்ன டீசல் வண்டியில் மாறி உட்கார்ந்தால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். மக்கள்தொகை சுமார் 13,000. நம் கணக்கில் பேரூராட்சிதான். ஆனால் ஃப்ரீஸ்லாந்தில் நகர உரிமை பெற்ற பதினொரு ஊர்களில் இதுவும் ஒன்று என்பதால், யாராவது கிராமம் என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களுக்குச் சுள்ளென்று வரும். பெயர்ப்பலகையில் டச்சுப் பெயரோடு ஃப்ரீசிய மொழிப் பெயரும் இருக்கும்.

வீட்டுக்கு வருவோம். அதைக் கட்டியவர் என்று சொல்வதைவிட, அதில் குடியிருந்தவர் என்று சொல்வதே சரி. அவர் பெயர் ஐஸெ ஐஸிங்கா. ஆட்டுக் கம்பளியைச் சிக்கெடுத்துச் சீவிக் கொடுப்பது தொழில். 1744இல் பக்கத்து ஊரான ட்ரோன்ரைப்பில் பிறந்தார். அப்பாவும் அதே தொழில்தான். லத்தீன் பள்ளிக்கு அனுப்பவில்லை, லத்தீன் தெரியாதவனுக்குப் பல்கலைக்கழக வாசல் திறக்காது. பையன் ட்ரோன்ரைப்பிலிருந்து ஃப்ரானெகருக்கு நடந்து வந்து, கணக்கில் ஆர்வமுள்ள இன்னொரு கம்பளிக்காரரிடம் பாடம் கேட்டான். பதின்வயதிலேயே நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு கணக்குப் புத்தகத்தைக் கையால் எழுதி முடித்தான்.

ஊரே வானத்தைப் பார்த்து நடுங்கியபோது, கிரகங்கள் உண்மையில் எப்படி நகர்கின்றன என்பதை எல்லோருக்கும் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று ஐஸிங்கா முடிவு செய்தார் என்பது ஊர்க்கதை. அந்த எண்ணம் அதற்கு முன்பே அவருக்கு இருந்திருக்கலாம். எப்படியோ, 1774இல் தொடங்கிய வேலை 1781இல் முடிந்தது. ஏழு வருஷம், பிழைப்பும் பார்த்துக்கொண்டு, சொந்த வீட்டுக் கூடத்திலேயே.

உள்ளே நுழைந்ததும் முதலில் தோன்றுவது அந்தக் கூடம் எவ்வளவு சிறியது என்பதுதான். கூரை தாழ்வு. அடர்நீல வண்ணம் பூசிய மரப்பலகைகள். நடுவில் தொங்கும் பொன் உருண்டை சூரியன். அதைச் சுற்றிப் பலகையில் வட்டவட்டமாக வெட்டிய இடுக்குகள், ஒவ்வோர் இடுக்கிலிருந்தும் தொங்குகிற ஒவ்வொரு சிறு கிரகம். ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்து லட்சம் கிலோமீட்டர் என்பது அளவுகோல். வட்டங்கள்கூட ஒரே மையத்தில் இல்லை. கிரகங்கள் சூரியனைச் சற்று ஒதுங்கியே சுற்றுகின்றன என்பதால் மையத்தையும் நகர்த்தி வைத்திருக்கிறார்.

நின்று பார்த்தால் எதுவும் அசையாது. அங்கேதான் இதன் சாமர்த்தியம். வேடிக்கை காட்டுவதற்காக வேகம் கூட்டிய பொம்மை இல்லை இது. புதனுக்கு 88 நாள், சுக்கிரனுக்கு 225 நாள், பூமிக்கு ஒரு வருஷம், வியாழனுக்குப் பன்னிரண்டு வருஷம் என்று வானத்தில் என்ன வேகமோ அதே வேகம்தான் இங்கேயும். சனி ஒரு சுற்று முடிக்க 29 வருஷத்துக்கு மேலாகும். முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்று சனியை வைத்து வாழ்க்கையை அளந்த நமக்கு இந்த இடுக்கைப் பார்க்கையில் ஒரு தனி ஆர்வம் வரத்தான் செய்கிறது. ஐஸிங்கா உயிரோடு இருந்த காலத்தில் அந்தச் சனி இரண்டு சுற்றுகூட முழுதாக முடிக்கவில்லை.

சுவரை ஒட்டிய பலகையில் கிழமை, தேதி, சூரிய உதயம், அஸ்தமனம், சந்திரனின் பிறை எல்லாவற்றுக்கும் தனித்தனி முகப்புகள். ஐந்து அங்கமும் இல்லையே தவிர, பஞ்சாங்கம்தான்.

மாடிக்கு ஏறினால் இயந்திரம். பெரிய மர வளையங்கள், மரத் தட்டுகள், அவற்றில் பல்லுக்குப் பதில் அடித்து இறக்கிய ஆயிரக்கணக்கான கைச்செய் ஆணிகள். பித்தளையில் சக்கரம் வார்க்கக் கம்பளிக்காரரிடம் காசு ஏது? இத்தனையையும் ஓட்டுவது ஒரே ஓர் ஊசல் கடிகாரம். ஊசல் தொங்குவது கணவனும் மனைவியும் படுக்கும் இடத்துக்கு மேலே. அந்தக் காலத்து டச்சு வீடுகளில் சுவருக்குள்ளேயே கதவு போட்டு அடைத்த படுக்கைதான் வழக்கம். நீளமான ஊசலுக்காகப் படுக்கையின் மேற்பலகையைத் துளைக்க வேண்டும் என்று ஐஸிங்கா கேட்டாராம். மனைவி பீட்யெ முடியாது என்றுவிட்டார். ஊசல் குட்டையானது. குட்டையானால் வேகமாக ஆடும், ஆகவே மொத்தக் கணக்கையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியதாயிற்று. சூரிய மண்டலமே விட்டுக்கொடுத்த ஒரே இடம் அது என்பேன். உலோக ஊசல் என்பதால் வெப்பம் ஏறினால் நீண்டு சுணங்கும், குளிரில் முந்தும். அதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலை முடிந்த அதே 1781ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். ஐஸிங்காவின் அளவுகோலில் அதற்குச் சூரியனிலிருந்து 2.9 மீட்டர் வேண்டும். கூடத்தில் இடமில்லை. ஆகவே இன்றுவரை இந்த வீட்டில் சனியோடு உலகம் முடிந்துவிடுகிறது.

இதை எழுதத் தூண்டியது அந்தக் கூரை மட்டுமல்ல, அது இருக்கும் ஊரின் முரணும்தான். ஃப்ரானெகர் ஒரு காலத்தில் பல்கலைக்கழக ஊர். 1585இல் தொடங்கியது, வட நெதர்லாந்தில் லைடனுக்கு அடுத்து இதுதான். 1629இல் தத்துவஞானி தெகார்த் இங்கே மாணவராகப் பெயர் பதிந்தார். வானவியலில் அந்தக் கல்விக்கூடம் சோடை போகவில்லை. வானவியலாளர் டைகோ பிராஹேயிடம் பழகிய அட்ரியான் மெட்டியஸ் இங்கே பேராசிரியர். அவருக்குப் பின் வந்த ஹோல்வார்டா, மீரா என்ற விண்மீன் மங்குவதும் ஒளிர்வதும் முறை வைத்து நடக்கிறது என்று 1638இல் கண்டவர். அந்த வாசலுக்குள் ஐஸிங்காவுக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. ஆனால் பேராசிரியர் வான் ஸ்விண்டன் அவர் வீட்டுக்கு வந்து பார்த்து, வேலை முடிவதற்கு முன்பே, 1780இல், அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இப்படி ஒரு பேராசிரியர் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் வாய்ப்பதில்லை.

1811இல் நெப்போலியன் பல்கலைக்கழகத்தை மூடினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், ஹாலந்தின் மன்னராக இருந்த அவர் தம்பி லூயி, அதே பல்கலைக்கழகத்துக்கு ஓர் அதிசய நூலகத்தைப் பரிசளித்திருந்தார். ஒவ்வொரு புத்தகமும் ஒரு மரப்பெட்டி. எந்த மரத்தைப் பற்றிய புத்தகமோ அந்த மரத்தாலேயே செய்தது. திறந்தால் அதன் இலை, விதை, பூ. இன்று மார்ட்டெனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, தவறவிடக் கூடாது. பல்கலைக்கழகக் கட்டடங்களோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனநோய் மருத்துவமனை ஆயின.

ஐஸிங்காவும் நிம்மதியாக உட்கார்ந்து கூரையை ரசித்துவிடவில்லை. ஆரஞ்சு வம்சத்து ஆட்சியை எதிர்த்த தேசாபிமானிகள் கட்சியில் இருந்தார். 1787இல் அந்தக் கட்சி தோற்றதும் ஜெர்மனிக்கு ஓடினார். அவர் தலைமறைவாக இருக்கும்போதே பீட்யெ இறந்துபோனார். பிறகு பிடிபட்டுச் சிறை, ஃப்ரீஸ்லாந்துக்குள் நுழையத் தடை. 1795இல் ஆட்சி மாறிய பிறகுதான் வீடு திரும்ப முடிந்தது. 1818இல் அதே ஆரஞ்சு வம்சத்து மன்னர் முதலாம் வில்லியம் அந்தக் கூடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். பின்னர் அரசே வீட்டை விலைக்கு வாங்கியது. ஐஸிங்கா 1828இல் இறந்தார்.

ஊரைச் சுற்றி நடந்தால் தட்டையான களிமண் நிலம், விதை உருளைக்கிழங்கு வயல்கள், அங்கங்கே மேட்டின் மேல் ஒரு தேவாலயக் கோபுரம். அந்த மேடுகள் இயற்கையானவை அல்ல. கடலுக்கு அணை போடத் தெரியாத காலத்தில் மண்ணும் சாணமும் குப்பையும் கொட்டி உயர்த்திக் குடியேறிய இடங்கள். இப்போது ஹார்லிங்கன் பக்கம் இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்திலிருந்து உப்பு எடுக்கிறார்கள், மேலே நிலம் தாழ்கிறது. முன்னோர் கூடை கூடையாக உயர்த்தியதை இவர்கள் குழாய் போட்டு இறக்குகிறார்கள் என்று தோன்றாமல் இல்லை.

உறைந்த கால்வாய்களில் பதினொரு நகரங்களையும் சறுக்கிக் கடக்கும் சுமார் 200 கிலோமீட்டர் ஓட்டம் இந்த ஊர் வழியாகத்தான் போகும். கடைசியாக நடந்தது 1997 ஜனவரி 4. அதற்குப் பிறகு பனி போதுமான கனத்துக்கு உறையவே இல்லை. கோடையில் நடக்கும் கைப்பந்தாட்டம் மட்டும் நிச்சயம். மூவர் மூவராக, சின்னத் தோல்பந்தைக் கையால் அடித்து ஆடுவது. 1853இலிருந்து ஃப்ரானெகரில் போட்டி உண்டு. வெற்றி பெற்ற அணியின் சிறந்த ஆட்டக்காரரை அன்றைக்கு ராஜா என்றே அழைக்கிறார்கள்.

1900இல் இதே ஊரில் பிறந்தவர்தான் யான் ஊர்ட், நம் பால்வெளி சுழல்கிறது என்று நிறுவியவர். சூரிய மண்டலத்தின் விளிம்பில் இருப்பதாக அவர் சொன்ன வால்மீன் கூட்டத்தின் பெயரில் 2018இல் ஒரு நீரூற்று வைத்திருக்கிறார்கள். மெட்டியஸ், ஹோல்வார்டா, ஐஸிங்கா, ஊர்ட்: இந்தத் தட்டை நிலத்தில் பார்ப்பதற்கு வானத்தை விட்டால் வேறு இல்லையோ என்னவோ.

2023இல் யுனெஸ்கோ அந்த வீட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பட்டயம் ஒரு பக்கம் இருக்கட்டும். 1784இலேயே ஐஸிங்கா, தனக்குப் பிறகு இதை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று மகன்களுக்காக விரிவாக ஒரு கையேடு எழுதி வைத்துவிட்டார். வருஷத்தைக் காட்டும் பலகையில் 22 வருஷங்களுக்குத்தான் இடம். தீர்ந்ததும் புதிதாக எழுதி மாட்ட வேண்டும். தேதி முகப்பில் பிப்ரவரி 29 கிடையாது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை யாராவது கையால் சரிசெய்தால்தான் கூரையும் வானமும் ஒத்துப்போகும். அடுத்த முறை 2028இல்.