பட்டம் உண்டு; பதிவேடு எங்கே?

புது தில்லி: பக்கவாதத்தால் கை செயலிழந்தவர் மீண்டும் தானே உண்ணவும் உடுத்தவும், ஆட்டிசம் பாதித்த குழந்தை வகுப்பறையில் அமர்ந்து எழுதவும் பழக்குவது, ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழி சிகிச்சை. பெயரைக் கேட்டு இதைத் தொழிற்பயிற்சி என்று எண்ணுவோரும், பிசியோதெரபியின் கிளை என்று கருதுவோரும் இன்றும் உண்டு. இக்குழப்பத்தை நீக்க வேண்டிய அரசுகளே எழுபது ஆண்டுகளாகத் தடுமாறி வந்துள்ளன என்பதுதான் வியப்பு.

இத்தனைக்கும் இத்துறையில் இந்தியா முன்னோடி நாடு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1950-ம் ஆண்டிலேயே இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் கமலா நிம்ப்கர். 1952-ல் இத்துறைக்கான உலகக் கூட்டமைப்பு உருவானபோது, அதை நிறுவிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால், 1992-ல் இயற்றப்பட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தில் இத்துறையினருக்கு இடமளிக்கப்படவில்லை. தில்லி 1997-லும் மகாராஷ்டிரம் 2002-லும் தனிச் சட்டம் இயற்றின. நாடு முழுமைக்குமான சட்டம் 2021-ல்தான் வந்தது.

துணை மருத்துவ மற்றும் சுகாதாரப் பணிகளுக்கான தேசிய ஆணையத்தை உருவாக்கிய அச்சட்டம், 10 பிரிவுகளில் ஒன்றாக இத்துறையைத் தனியே அங்கீகரித்தது. ஆறு மாதங்களுக்குள் மாநில அரசுகள் மன்றம் அமைத்து, தகுதி பெற்றோரைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. மூன்றாண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில் இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, 14 மாநிலங்களே மன்றம் அமைத்திருந்தன. இரண்டு மாதங்களில் சட்டத்தைச் செயல்படுத்துமாறு நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது.

சிதறிய பொறுப்பு

தாமதத்துக்கு நிர்வாக அமைப்பும் ஒரு காரணம். தில்லி, கொல்கத்தா, ஒடிசாவின் கட்டக் அருகே உள்ள ஒலட்பூர் ஆகிய இடங்களில் இப்பட்டப் படிப்பை நடத்தும் தேசிய நிறுவனங்கள், மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் உள்ளன. தொழிலை ஒழுங்குபடுத்தும் ஆணையமோ சுகாதார அமைச்சகத்தைச் சார்ந்தது. பட்டதாரிகளுக்கு வேலை தர வேண்டிய அரசு மருத்துவமனைகளும் பள்ளிகளும் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் உள்ளன. பொறுப்பு இவ்வாறு சிதறிக் கிடக்கும்போது, அலட்சியத்துக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இதன் சுமை முதலில் விழுவது மாணவர்கள் மீது. உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து நான்கரை ஆண்டுகள் நடத்தப்பட்டு வந்த படிப்பு இது. உடற்கூறியல், நரம்பியல், உளவியல் என அனைத்தையும் கற்றுக் கட்டக்கிலிருந்து தமிழகம் திரும்பும் பட்டதாரிக்குச் சொந்த மாநிலத்தில் முறையான பதிவு வேண்டும். பதிவேடு செயல்படாத இடத்தில், முறையாகப் படித்தவருக்கும் சில வாரப் பயிற்சியுடன் 'தெரபி மையம்' திறப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் எவ்வாறு அறிவர்?

தேவை குறைவு என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அப்போது சட்டம் அங்கீகரித்திருந்த குறைபாடுகள் ஏழு மட்டுமே. 2016-ம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய் உள்ளிட்டவற்றைச் சேர்த்து அதை 21 ஆக உயர்த்தியது. உரிமை பெற்றோரின் பட்டியல் நீண்டது. அவர்களுக்குச் சிகிச்சை அளிப்போரைப் பதிவு செய்வதில்கூட மாநிலங்கள் முனைப்பு காட்டவில்லை.

மன்றங்களைப் பெயரளவில் அமைப்பதால் மட்டும் நிலைமை மாறிவிடாது. எவரும் சரிபார்க்கக்கூடிய பதிவேடு, மாவட்ட மருத்துவமனைகளில் நிரந்தரப் பணியிடங்கள் ஆகிய இரண்டையும் மாநிலங்கள் உறுதி செய்ய வேண்டும். அதுவரை இச்சிகிச்சை, பெருநகரத் தனியார் மையங்களில் கட்டணம் செலுத்த இயன்றவர்களுக்கே உரியதாக இருக்கும்.