அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் டயாலிசிஸ் பிரிவின் வாயிலில், நோயாளியின் காதில் விழாதவாறு குடும்பத்தார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “சனி, ஞாயிறு திருச்சிக்குப் போகிறோம். அப்பாவை உறவினர் வீட்டில் விட்டுச் செல்லலாமா டாக்டர்?” அண்மையில் ஒரு மகன் இவ்வாறு கேட்டது, உள்ளே இருந்த தந்தையின் காதில் விழுந்துவிட்டது. அவர் பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். நீச்சல் கற்றது அம்மா மண்டபத்துப் படித்துறையில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி குத்தியிருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயணம் வேண்டாம்” என்று சொல்வது மருத்துவர்களாகிய எங்களுக்கு எளிது. பல ஆண்டுகள் அப்படியே சொல்லிவந்தோம். அது தவறு என்று இப்போது கருதுகிறோம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்திருப்பவரை, எஞ்சிய நாள்களிலும் வீட்டுக்குள் அடைத்துவைப்பது மருத்துவமாகாது. துணைக்கு வீட்டிலேயே தங்கிவிடும் மனைவியையும் எண்ணிப் பாருங்கள். நோய் அவருக்கு இல்லை. சிறை மட்டும் இருவருக்கும் பொது.

எங்கள் தயக்கத்துக்கும் காரணம் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி என்ற முறையில் சிகிச்சை பெறுவோருக்கு வார இறுதியே நீண்ட இடைவெளி. உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுதியாகச் சேர்வது அப்போதுதான். திருச்சி வெயிலோ தாகத்தைக் கூட்டும். வழியெங்கும் இளநீரும் வாழைப்பழமும் கண்ணில் படும். பிறருக்கு நாங்களே பரிந்துரைக்கும் அவ்விரண்டும், பொட்டாசியம் மிகுந்தவையாதலால், இவர்களின் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். உணவகச் சாம்பாரிலும் ஊறுகாயிலும் உப்பு அதிகம். உண்டபின் தாகத்தை அடக்குவது கடினம். ஒரு நாளுக்கு அனுமதிக்கப்பட்ட நீரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். காபியும் மோரும் அந்தக் கணக்கில் சேரும். அவர் குடிக்கும் ஒவ்வொரு மிடற்றையும் பேரப்பிள்ளைகள் முன்னிலையில் எண்ணுவதைவிட அது மரியாதையானது.

மலைக்கோட்டையை விட்டுவிடலாம். உச்சிப் பிள்ளையாரை அடைய 400க்கும் மேற்பட்ட படிகள், இளையவர்கள் ஏறிவரட்டும். ஸ்ரீரங்கத்தில், 1987இல் நிறைவுற்ற 236 அடி இராஜகோபுரத்தைத் தெருவில் நின்றே கண்குளிரக் காணலாம். உள்ளே செல்வதானால் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர் நண்பகலில் கல்தளத்தின்மேல் வெறுங்காலுடன் நடந்தால், சூடு தெரியாது. அறைக்குத் திரும்பியபின் கொப்புளம்தான் தெரியும். அப்படி வந்த புண்களுக்கு மாதக்கணக்கில் கட்டுப் போட்டிருக்கிறோம். முக்கொம்பு இன்னும் எளிது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அவ்விடத்தில், 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் அமைத்த மேலணைக்கு அருகே மரநிழலில் அமர்ந்திருக்க உடல்வலிமை எதுவும் வேண்டியதில்லை.

கழுத்தில் டயாலிசிஸ் குழாய் உள்ளவர்கள் ஆற்றில் குளிக்கவே கூடாது. ஃபிஸ்டுலா உள்ள கையில் பை சுமக்கக் கூடாது. மூச்சுத் திணறலோ திடீர்த் தசைத்தளர்ச்சியோ தோன்றினால், ஊர் திரும்பட்டும் என்று காத்திராமல் அங்கேயே டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். திங்கட்கிழமைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லோருக்கும் நாங்கள் இசைவு தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அண்மையில் நுரையீரலில் நீர் சேர்ந்து அனுமதிக்கப்பட்டவர்கள் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். புறப்படும் நாளில் அல்ல, ஒரு வாரம் முன்னதாகவே கேளுங்கள். நோயாளியையும் அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அந்தப் பெரியவர் குடும்பத்தோடு சென்று வந்தார். படித்துறையில் அமர்ந்து கால்களை மட்டும் நனைத்தாராம். திங்களன்று எடை வழக்கத்தைவிடச் சற்றே கூடியிருந்தது. “இரண்டு காபி அதிகம், டாக்டர்” என்று நாங்கள் கேட்குமுன் அவரே ஒப்புக்கொண்டார். கல்லணைக்கு எப்போது போகலாம் என்பது அவருடைய அடுத்த கேள்வி.