பட்டாளம் எழுதிய அந்த ஒரு வரி

பெங்களூர்த் தமிழர்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. அல்சூரிலே மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகமே இருக்கிறது. போரிலே கால் இழந்து வந்தவருக்கு மாலை போடுகிறோம். மனம் உடைந்து வந்தவருக்கு என்ன செய்கிறோம்? அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டுகிறோம்! பெண்ணுக்கு வரன் தகையாது, பையனைப் 'பைத்தியக்காரன் மகன்' என்பார்கள் என்ற பயம். இந்த வெட்கத்தால் லாபம் யாருக்கு? பென்ஷன் கொடுக்காமல் தப்பும் சர்க்காருக்குத்தான்.

தோழர்களே, அந்தத் தாள்களில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வியாதியின் பெயர். மற்றது, அந்த வியாதி 'பணியால் வந்ததுமல்ல, பணியால் அதிகமானதுமல்ல' என்று மெடிக்கல் போர்டு எழுதும் வரி. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணி, 'வியாதி உண்மைதானே, எதை எதிர்த்து அப்பீல் போடுவது?' என்கிறார்கள். வியாதி உண்மையாகவே இருக்கட்டும்! ஊனப் பென்ஷனைத் தடுப்பது இரண்டாவது வரி. அப்பீல் அதை எதிர்த்துத்தான். பென்ஷன் இல்லாமல் போனால் 'முன்னாள் ராணுவத்தினர்' என்ற தகுதி கிடைப்பதும் சிரமம். மத்திய சர்க்கார் வேலையில் குரூப் சியில் 10 சதவீதம், பழைய குரூப் டியில் 20 சதவீதம் என்ற ஒதுக்கீடும் அதோடு போகும். ரயில்வேயில் சேர்ந்திருக்க வேண்டியவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குவார்.

அமெரிக்காவில் விடுவிப்புத் தாளிலேயே, மறுபடி படையில் சேர்க்கலாமா என்று ஒரு குறியீடு போடுகிறார்கள். அதை எதிர்த்தும் முறையிட வழி உண்டு. இங்கே மனநோய் என்று அனுப்பப்பட்டவர் திரும்பிச் சேர்வது அநேகமாக நடவாத காரியம். ஆகவே நம் சண்டை பென்ஷனுக்கு.

சுப்ரீம் கோர்ட் என்ன சொல்கிறது? 1972இல் சேர்ந்து 1977இல் மனநோய் என்று அனுப்பப்பட்ட வீர்பால் சிங்கின் வழக்கில், போர்டின் கருத்து வேதவாக்கல்ல, மறுபடி பரிசோதியுங்கள் என்று 2013 ஜூலையில் உத்தரவிட்டது. அதே மாதம் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலையில் இல்லை என்றது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும், காரணம் எழுதாத போர்டின் கருத்தை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்று தீர்ப்பு. ஒரு குமாஸ்தா காரணம் எழுதாமல் 'நிராகரிக்கலாம்' என்று ஃபைலை அனுப்பினால் மேலதிகாரி முகத்தில் விட்டெறிவார். ஒரு மனிதனின் வாழ்நாளைத் தீர்மானிக்கும் டாக்டர்களுக்கு அந்த ஒழுங்குகூட வேண்டாமா?

எல்லா வழக்கும் ஜெயிக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. 2019இல் நரசிங் யாதவ் வழக்கில், மனநோய் சேர்க்கையின்போது கண்ணுக்குத் தப்பிவிடலாம் என்று சொல்லி அதே கோர்ட் கைவிரித்தது. 2023 செப்டம்பர் 21 முதல் வெளியேறுவோருக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. அவர்கள் பழைய தீர்ப்புகளை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

நிம்ஹான்ஸில் வைத்தியம் பார்ப்பதை மறைக்க வேண்டாம். முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து ஒருவரை இன்றும் மனநோயாளி என்று முடிவு கட்டலாகாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

முதலில் ரிக்கார்டு ஆபீசுக்கு எழுதி, மெடிக்கல் போர்டு தாள்களையும், படையில் சேர்ந்த நாளின் பரிசோதனைத் தாளையும் வாங்குங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மறுப்புக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் முதல் அப்பீல், பிறகு இரண்டாவது அப்பீல், அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கர்நாடகத்துக்கு உரிய பெஞ்ச் கொச்சியில் இருக்கிறது. கூலி வேலைக்காரன் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, ராத்திரி வண்டி ஏறி அங்கே போக வேண்டும். இதுவும் ஓர் அநியாயம்தான்.

வருஷங்கள் போய்விட்டனவே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். பென்ஷன் மாதா மாதம் சேர வேண்டிய பணம். எத்தனை காலம் கழித்தும் கேட்கலாம். ஆனால் 2008ஆம் ஆண்டு தர்சேம் சிங் தீர்ப்பின்படி, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டு பாக்கிதான் கிடைக்கும். பெட்டியைத் திறக்கத் தயங்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பென்ஷன் பறிபோகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். அவர் வரக் கூசினால் அவர் மனைவி வரட்டும். மனு எழுத ஆள் இருக்கிறோம்.