காடு உயர்வு, காட்டில் வாழ்பவர் தாழ்வா?

படிவம் 4, படிவம் 5 மாணவர்களின் ஆங்கிலப் பயிற்சிக் கட்டுரைகளைப் படிக்கும்போது ஒரு சொல் அடிக்கடி என் கண்ணில் படுகிறது: 'பிரிமிடிவ்'. பூர்வகுடி மக்களைப் பற்றி எழுதச் சொன்னால், அவர்களுடைய வீடு, வேட்டை, வழிபாடு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அடைமொழிதான். மாணவர்களுக்கு யார் மீதும் வெறுப்பில்லை. 'ஆதிகாலத்திய' என்று அகராதி பொருள் சொல்கிறது, அதை எடுத்து எழுதிவிடுகிறார்கள்.

சுற்றுலா விளம்பரங்களைப் பாருங்கள். பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களிலும் பரந்திருக்கும் தாமான் நெகாராவை அவை 'பிரைமிவல்' காடு என்றும் 'பிரிஸ்டின்' காடு என்றும் புகழ்கின்றன. இரண்டுமே பழமையைச் சொல்லும் சொற்கள்தாம். 'பிரிஸ்டின்' என்பதன் பழைய பொருளே 'முன்பிருந்த' என்பதுதான். மாசுபடாத, தூய்மையான என்ற பொருள் பின்னால் ஏறியது. ஆனால் அதே காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் பத்தேக் மக்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் சொல் மாறிவிடுகிறது. மரம் பழமையானால் பெருமை, மனிதன் பழமையானால் இழிவு. இது எந்த ஊர் நியாயம்?

வேரைத் தோண்டினால் குற்றம் எதுவும் தென்படவில்லை. 'பிரிமிடிவ்' லத்தீன் மொழியில் 'முதல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 'பிரைம் மினிஸ்டர்' என்பதில் உள்ள 'பிரைம்' அதன் உடன்பிறப்பு. 'சேவேஜ்' என்பதற்கு மூலப்பொருள் 'காட்டைச் சேர்ந்த'. 'பேகன்' என்றால் தொடக்கத்தில் நாட்டுப்புறத்தான், அவ்வளவுதான். இடத்தைக் குறித்த சொற்களை வசைச்சொற்களாக்கியவர்கள் நகரத்தில் உட்கார்ந்து எழுதியவர்கள். 1906இல் ஸ்கீட், பிளாக்டன் என்ற இரு ஆங்கிலேயர்கள் நம் தீபகற்பத்தின் பூர்வகுடிகளைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார்கள். உழைப்பு மிகுந்த நூல்தான். ஆனால் அதன் தலைப்பிலேயே அந்த மக்கள் 'பேகன்' இனங்கள் ஆகிவிட்டார்கள்.

தமிழ் மட்டும் யோக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 'நாகரிகம்' என்ற சொல்லுக்குள் நகரம் இருக்கிறது. 'காட்டான்', 'பட்டிக்காட்டான்', 'காட்டுமிராண்டி' எல்லாம் நாம் வைத்திருக்கும் சரக்கு. தோட்டப்புறத்திலிருந்து நகரத்து இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்து ஏறிப் போன என் தலைமுறைக்கு 'எஸ்டேட் பையன்' என்ற பட்டம் எப்படிச் சுட்டது என்பது நன்றாகவே தெரியும். எங்களை அப்படிக் கூப்பிட்டவர்களில் பலரும் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தாக்களும் பால் மரம் சீவியவர்கள்தாம்.

சரி, 'பிரிமிடிவ்' என்பது வசை இல்லை, வெறும் விவரிப்பு என்றே வைத்துக்கொள்வோம். அந்த விவரிப்பாவது உண்மையா? பேராக், கிளந்தான் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களின் மொழியை எடுத்துக்கொள்வோம். மணங்களைக் குறிக்க அந்த மொழியில் தனித்தனிச் சொற்கள் பல உள்ளன. நாம் 'மல்லிகை வாசம்', 'மீன் நாற்றம்' என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் மணத்தைக் குறிக்கிறோம். அவர்களோ 'சிவப்பு', 'பச்சை' என்று நிறத்தைச் சொல்வதுபோல மணத்தைச் சொல்கிறார்கள். அசிஃபா மஜீத், நிக்லாஸ் புரென்ஹல்ட் என்ற ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஜஹாய் மக்கள் நிறங்களைப் போலவே மணங்களுக்கும் எளிதாகப் பெயர் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுவோர் மணங்களுக்குப் பெயர் சொல்லத் தடுமாறினார்கள். அந்தத் தேர்வில் எந்த மொழி 'பிரிமிடிவ்'?

ஊதுகுழாய் வேட்டையும் அப்படித்தான். ஈப்போ நகருக்குப் பெயர் கொடுத்த அதே மரத்தின் பால்தான் அம்பு நுனியில் பூசும் நஞ்சு. குரங்கை அது கொல்ல வேண்டும், ஆனால் அதன் இறைச்சி சாப்பிடுகிறவரைக் கொல்லக்கூடாது. இதைக் கண்டறிந்து கையாள எத்தனை தலைமுறைக் கவனம் தேவைப்பட்டிருக்கும்!

இடையில் ஒரு சிறு மொழிக்குறிப்பு. 'வைல்ட்', 'ஃபெரல்' இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். மனிதரிடம் பழகியே இராத செலாடாங் காட்டெருது 'வைல்ட்'. மனிதர் வளர்த்த இனத்தில் வந்து, இன்று தன் போக்கில் திரியும் சந்தைப் பூனையும் நகரத்துப் புறாவும் 'ஃபெரல்'. மனிதர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

அப்படியானால் என்ன எழுதுவது? முதலில் பெயரைச் சொல்லுங்கள். தெமியார், செமாய், மா மெரி, தெமுவான், ஜக்குன் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. பொதுவாகச் சொல்ல வேண்டுமானால் 'ஓராங் அஸ்லி'. 'சாக்காய்' என்ற இழிசொல்லை விட்டுவிட்டு 1960களில் அரசு ஏற்ற பெயர் அது. 'அஸ்லி' வேறெதுவுமில்லை, நாம் 'அசல் தங்கம்' என்கிறோமே, அந்த 'அசல்'தான். இரண்டும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. ஆங்கில 'அபோரிஜினல்' என்பதும் 'தொடக்கத்திலிருந்தே' என்றுதான் பொருள் தருகிறது. பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், காதில் விழும் மரியாதைதான் வேறு.

'மூதாதையருடைய' என்று பொருள்படும் 'என்செஸ்ட்ரல்' என்ற சொல்லையும் கற்றுக்கொள்ளுங்கள். சிலாங்கூர், புக்கிட் தம்போய் பகுதியில் வாழ்ந்த தெமுவான் மக்களின் நிலம் 1995இல் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் மரத்துக்கும் பயிருக்கும் இழப்பீடு கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசியும் அவருடைய உறவினர்களும் வழக்குத் தொடுத்தார்கள். அது தங்கள் மூதாதையர் வாழ்ந்த மரபு நிலம் என்பதே அவர்கள் வாதம். ஷா ஆலம் உயர்நீதிமன்றம் 2002இல் அந்த உரிமையை ஏற்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.