ஐ.வி. போனா சூளையோட நிறுத்தாதீங்க

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஐ.வி.ன்னா நமக்கு சிமெண்ட் ஃபேக்டரிதான். ஹெல்மெட், சூளை, குரூப் ஃபோட்டோ, ரிப்போர்ட், அவ்வளவு. அந்தச் சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா, "இங்க முன்னாடி கடல் இருந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. சரிதான், ஆனா பாதி பதில். கடல் கால்சியத்தைச் சேர்த்து வைத்தது. உருவாக்கியது நட்சத்திரம்.

அங்கே ஒளிக்கு முக்கியமான வேலை இருக்கு. நம்ம சிலபஸ்ல ஒளி எலக்ட்ரானைத்தான் தட்டிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு ஃபோட்டானுக்கு 2, 3 எலக்ட்ரான் வோல்ட்தான் ஆற்றல். ஆனா சூரியனைவிடப் பல மடங்கு கனமான நட்சத்திரத்தின் மையம், கடைசி நாட்களில் சுமார் 300 கோடி டிகிரி வரை சூடாகும். அந்தச் சூட்டில் இரண்டு சிலிக்கான் கருக்கள் நேராக இணைய முடியாது, மின்விலக்கம் விடாது. ஆனால் அங்கிருக்கும் காமா ஃபோட்டான்களில் வலுவானவை, சிலிக்கான் 28-லிருந்து ஒரு ஆல்ஃபா துகளைப் பிய்த்துவிடும். அதை வேறொரு சிலிக்கான் பிடித்தால் கந்தகம் 32. அடுத்தது ஆர்கான் 36, அப்புறம் கால்சியம் 40. ஒன்றை உடைத்துத்தான் இன்னொன்று உருவாகுது. நட்சத்திரம் வெடிக்கும்போது அதிர்ச்சி அலை இதே வேலையை நொடிகளில் செய்து, எல்லாவற்றையும் வெளியே வீசுகிறது.

இப்போ சாத்தனூர் கல்மரத்தைப் பாருங்க. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருஷப் பழமை. மரம் இருந்த இடத்தில் இப்போ சிலிகா. பெரம்பலூரில் சிலிக்கான், அரியலூரில் கால்சியம். நட்சத்திரத்தில் இரண்டுக்கும் நடுவே மூன்றே ஆல்ஃபாதான்.

அதனால் என் கருத்து இது: முதல் வருஷ ஃபிசிக்ஸ்ல அணுக்கருப் பாடம் இந்த இரண்டு கல்லிலிருந்து தொடங்கணும். "பிளேஸ்மெண்ட்டுக்கு உதவாது"ன்னு சொல்வீங்க. உண்மைதான். ஆனா நாளைக்கு இதே சுரங்கத்தில் வேலை பார்க்கப் போவது நம்மில் சிலர். வெட்டிய கல் திரும்ப வராது. அதை டன் கணக்காக மட்டுமே பார்க்கத் தெரிந்தவர், உள்ளே ஒரு புதைபடிவம் வந்தாலும் அரைக்கத்தான் அனுப்புவார்.

அடுத்த ஐ.வி. பஸ்ஸை சாத்தனூரில் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க. அங்கேயே இந்தக் கணக்கைப் போடுங்க: மக்னீசியம் 24, ஹீலியம் 4 இரண்டின் நிறையையும் கூட்டி, சிலிக்கான் 28-ன் நிறையைக் கழிங்க. 0.0107 வரும். 931.5 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 10 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஒளி கொடுத்த விலை அது.