பன்றி கம்பெனிக்கு, கழிவு குடியானவனுக்கு!

பன்றி எரு என்ற சொல் காதிலே விழுந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கிலே வைத்துக்கொள்ளும் கனவான்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். மண்ணைத் தொட்டு உழைக்கும் தோழர்களுக்குத் தெரியும், எருவிலே இழிவு ஏதுமில்லை என்பது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து — மூன்றும் அதிலே உண்டு. மூட்டை மூட்டையாகப் பணம் கொடுத்து வாங்குகிறோமே உரம், அதிலே இருப்பதும் இவைதானே!

ஆனால் அதே எரு ஓரிடத்திலே பொருளாகிறது, வேறோர் இடத்திலே தொல்லையாகிறது. என்ன விந்தை இது? அமெரிக்க நாட்டின் இரு மாநிலங்களைப் பாருங்கள்: அயோவா, வட கரோலினா. இரண்டிலும் பன்றி வளர்ப்பு பெருந்தொழில். தீனியும் ஒன்றே — மக்காச்சோளம், சோயா.

அயோவாவிலே பன்றிக் கொட்டகையைச் சுற்றி மக்காச்சோள வயல். கொட்டகைக்கு அடியிலே ஆழமான தொட்டி. மாதக்கணக்கில் அதிலே தேங்கும் கழிவை, அறுவடை முடிந்ததும் உறிஞ்சியெடுத்து, மண்ணைக் கீறி உள்ளே செலுத்துகிறார்கள். மண்ணுக்குள் போனால் சத்து காற்றிலே பறப்பது குறைகிறது. கடை உரத்தின் செலவும் மிச்சம். வயலிலிருந்து வந்த சத்து வயலுக்கே திரும்புகிறது. அங்கே குறையே இல்லையென்று நாம் கூறவில்லை. கடை உரமும் எருவும் சேர்ந்து ஆற்றிலே நைட்ரேட்டை ஏற்றுகின்றன என்று டி மாயின் நகரத்துக் குடிநீர் நிறுவனம் 2015இல் வழக்கே தொடுத்தது. 2017இல் அது தள்ளுபடியானது. ஆயினும், எருவை எரு என்று மதிக்கிறார்கள், அதுவரையில் சரி.

வட கரோலினாவின் கதை வேறு. பத்தாண்டுகளுக்குள், 1990களின் பிற்பகுதிக்குள், சுமார் 25 லட்சமாக இருந்த பன்றிகள் சுமார் ஒரு கோடியாயின. தீனியோ பெரும்பாலும் தொலைவிலிருந்து ரயிலேறி வருகிறது. வந்த சத்து திரும்பிப் போகிறதா? இல்லை! கடலோரச் சமவெளியின் மணற்பாங்கான மண்ணிலேயே, நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்திலே, தங்கிவிடுகிறது. திறந்த குளம் வெட்டி அதிலே கழிவைத் தேக்குகிறார்கள். தழைச்சத்தில் பெரும்பகுதி அமோனியாவாகக் காற்றிலே போகட்டும் என்று விடுகிறார்கள். போனால் நல்லதாம்! சத்து குறைந்தால் பாய்ச்ச நிலமும் குறைவாகப் போதுமே! மிச்சத்தைப் புல்வெளிமீது பீய்ச்சுகிறார்கள். மணிச்சத்தும், தீனியிலே கலந்த செம்பும் துத்தநாகமும் மண்ணிலே ஆண்டுக்காண்டு ஏறுகின்றன. மண்ணை உண்பிப்பதற்கு எரு என்பது போய், கழிவை விழுங்குவதற்கு மண் என்றாகிவிட்டது.

1995 ஜூனில் ஒரு குளத்தின் கரை உடைந்து, சுமார் இரண்டரைக் கோடி காலன் கழிவு நியூ ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. 1999இல் ஃபிளாய்டு புயல் வந்தபோது குளங்களும் வெள்ளமும் ஒன்றாயின.

இங்கேதான் தோழர்கள் கவனிக்க வேண்டும். பன்றி யாருடையது? கம்பெனியுடையது. தீனி? கம்பெனியுடையது. கொட்டகைக் கடனும் குளத்துக் கழிவும்? ஒப்பந்தத்திற்கு வளர்க்கும் குடியானவனுடையது! இலாபம் தரும் இறைச்சியை லாரியேற்றிக்கொண்டு, நாற்றத்தை மட்டும் நாட்டுப்புறத்தானுக்கு எழுதிவைக்கும் இந்த ஒப்பந்தத்தை எந்த வக்கீல் எழுதினாரோ, அவர் கெட்டிக்காரர்தான்.

வேறு வழியில்லை என்கிறார்கள். டென்மார்க்கிலும் மக்களைவிடப் பன்றிகள் அதிகம். 1986இல் கட்டகாட் கடலிலே செத்த இறால்களைத் தொலைக்காட்சியிலே கண்டு நாடே திடுக்கிட்டது; 1987இல் நீர்நிலைகளைக் காக்கும் திட்டம் வந்தது. எத்தனை கால்நடையோ அதற்கேற்ற நிலம் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் சேமிக்கத் தொட்டி வேண்டும். பன்றிக் கழிவின் தழைச்சத்தில் பெரும்பங்கைப் பயிருக்கான உரக் கணக்கிலே சேர்த்தே தீரவேண்டும். அந்த அளவுக்குக் கடை உரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டுக் கடற்கழிகள் இன்றும் மூச்சுத் திணறுகின்றன என்பது மெய். ஆனால் நிலத்திலே வீணாகும் தழைச்சத்து வெகுவாகக் குறைந்ததும் மெய்.

வட கரோலினாவிலும் 2000இல் ஸ்மித்ஃபீல்டு கம்பெனி மாநில அரசுடன் ஒப்பந்தம் செய்து, மாற்று முறைகளை ஆராயப் பணம் தந்தது. காற்றுக்கும் நீருக்கும் ஏற்ற முறைகள் சில கிடைத்தன. ஆனால் பழைய பண்ணைகளுக்குச் செலவு கட்டாதாம்! யாருக்குக் கட்டாது? குளத்தருகே குடியிருப்போர் நிறையப் பேர் கறுப்பின மக்கள், ஏழைகள். அவர்களுக்கு மட்டும் அந்தக் காற்று கட்டுமா?

அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2018 ஏப்ரலில் ஜூரிகள் பத்துப் பேருக்கு 5 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு என்றார்கள். மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு அதை 32.5 லட்சமாக நறுக்கிற்று. அதுவும் போதாதென்று, 2017இலும் 2018இலும் இனி இப்படி வழக்காடுவோரின் கையைக் கட்டும் சட்டங்களை மாநில சபை நிறைவேற்றியது. 2020இல் மேல்முறையீட்டு மன்றமும் கம்பெனியின் பொறுப்பை உறுதிசெய்த பிறகே சமரசம் பிறந்தது.

புதிய குளங்களுக்கு 1997இல் தடை வந்தது. 2007இல் அது நிரந்தரமாயிற்று. பழையவற்றுக்கு அந்தத் தடை இல்லை. டூப்ளினிலும் சாம்ப்சனிலும் அவை இருக்கின்றன. புல்வெளிமீது பீய்ச்சுதலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.